அம்மா, அப்பா பெயர் எதிலும் இல்லை; வம்சத்திலோ ஓர் ஆளுநர்! யார் இந்த எஸ்தர் ஆபிரகாம்ஸ்?

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநில ஆளுநராக 1989 ஜனவரியில் பொறுப்பேற்றவர் சர் டேவிட் மார்ட்டின். கடற்படையில் உயர் அதிகாரியாக இருந்தவர். அவருடைய வம்சாவளியைத் தேடி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னால் போனால், 1788-ல் சிட்னி கரையில் வந்து இறங்கிய ஓர் இளம்பெண்ணிடம் போய் நிற்க வேண்டியிருக்கும்.

அந்தப் பெண் லண்டனில் லேஸ் திருடியதற்காக நாடு கடத்தப்பட்ட கைதி. கையில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தை பிறந்தது சிறையில். பெயர் எஸ்தர் ஆபிரகாம்ஸ்.

அவருக்கு முந்தைய தலைமுறை யார் என்று கேட்டால் பதில் கிடையாது. அப்பா பெயர் இல்லை, அம்மா பெயர் இல்லை, பிறந்த தேதி இல்லை. ஆஸ்திரேலிய வரலாற்றில் இவ்வளவு பேசப்பட்ட ஒரு பெண்ணுக்கு இது எப்படிச் சாத்தியம்? அரசாங்கம், நீதிமன்றம், ராணுவம், சர்ச் என எல்லாரும் அவரைப் பற்றி எழுதி வைத்திருக்கும்போது, பெற்றோர் பெயர் மட்டும் எப்படி விடுபட்டது?

24 கஜம் லேஸ், 7 ஆண்டு தண்டனை

எஸ்தரின் வாழ்க்கை ஆவணங்களில் தொடங்கும் இடம் ஓர் அரசுக் கட்டடம்: லண்டனின் ஓல்டு பெய்லி நீதிமன்றம். தேதி 1786 ஆகஸ்ட் 30. ஒரு கடையிலிருந்து 24 கஜம் கறுப்புப் பட்டு லேஸைத் திருடினார் என்பது குற்றச்சாட்டு. மதிப்பு 50 ஷில்லிங். இன்றைய அளவில் சுமார் 22 மீட்டர் நீளமுள்ள அலங்காரத் துணி.

கேட்க சின்னத் திருட்டுபோல இருக்கும். ஆனால் அன்றைய இங்கிலாந்துச் சட்டத்தில், கடையில் 5 ஷில்லிங்குக்கு மேல் மதிப்புள்ள பொருளை யாருக்கும் தெரியாமல் எடுத்தால் தூக்குத் தண்டனைவரை போகலாம். லேஸ் திருட்டுக்கு உயிரை எடுப்பதா என்று பல ஜூரிகளே தயங்கினார்கள். குற்றத்தின் தீவிரத்தைக் குறைத்துத் தீர்ப்பு சொல்வது அன்று வழக்கமாகவே இருந்தது. எஸ்தருக்கும் உயிர் தப்பியது. 7 ஆண்டு நாடு கடத்தல்.

அவருக்காக நன்னடத்தைச் சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்கு ஆட்கள் வந்தார்கள். அதாவது லண்டனில் அவரை அறிந்தவர்கள், அவருக்காகப் பேசத் தயாராக இருந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனால் நீதிமன்றத்துக்குத் தேவைப்பட்டது திருட்டு விவரம் மட்டும்தான். திருடியது யார் மகள் என்பது வழக்குக்குத் தேவைப்படாத தகவல். அது பதிவாகவில்லை.

எங்கே அனுப்புவது?

அதுவரை பிரிட்டன் தன் கைதிகளை அமெரிக்கக் காலனிகளுக்குத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது. 1775-ல் அமெரிக்க சுதந்திரப் போர் வெடித்ததும் அந்த வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பி வழிந்தன. பழைய கப்பல்களை நதியில் நிறுத்தி அவற்றையே சிறைகளாக்கினார்கள். அதுவும் போதவில்லை.

எஸ்தர் தண்டனை பெறுவதற்கு 12 நாள் முன்புதான், 1786 ஆகஸ்ட் 18-ல், உள்துறைப் பொறுப்பில் இருந்த சிட்னி பிரபு ஒரு முடிவை நிதித்துறைக்கு எழுதி அனுப்பியிருந்தார்: கைதிகள் இனி பாட்டனி விரிகுடாவுக்கு. அதாவது இன்றைய ஆஸ்திரேலியா. எஸ்தர் அந்தத் திட்டத்தின் முதல் தவணையில் மாட்டிக்கொண்டார்.

1788 முதல் 1868 வரை, 80 ஆண்டுகளில், இப்படி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள் சுமார் 1,62,000 பேர். இன்று லட்சக்கணக்கான ஆஸ்திரேலியர்கள் தங்கள் குடும்ப வரலாற்றைத் தேடும்போது இந்தப் பட்டியலில்தான் வந்து இடித்துக்கொள்கிறார்கள். எஸ்தர் அதன் முதல் பக்கத்தில் இருக்கிறார்.

பெயருக்குள் இருக்கும் துப்பு

சரி, ஆபிரகாம்ஸ் என்ற குடும்பப் பெயரை வைத்துத் தேடலாமே?

இங்கேதான் முதல் சிக்கல். எஸ்தர் யூத சமூகத்தைச் சேர்ந்தவர் என்பது வரலாற்றாசிரியர்கள் பொதுவாக ஏற்றுக்கொண்ட கருத்து. முதல் கப்பல் தொகுதியில் வந்த கைதிகளில் எட்டுப் பேராவது யூதர்கள். 18-ம் நூற்றாண்டு லண்டனில், மத்திய, கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஏழை யூதக் குடும்பங்கள் பலவற்றில் நிலையான குடும்பப் பெயர் என்பதே கிடையாது. அப்பாவின் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொள்வார்கள். நம் இனிஷியல் மாதிரிதான். அடுத்த தலைமுறைக்கு வேறு பெயர் வந்துவிடும்.

அப்படிப் பார்த்தால், ஆபிரகாம்ஸ் என்பது குடும்பப் பெயராக இல்லாமல், ஆபிரகாமின் மகள் என்ற பொருளில் ஆங்கில எழுத்தர் எழுதிக்கொண்ட பெயராகவும் இருக்கலாம். நீதிமன்றம் கேட்காமலே எஸ்தரின் அப்பாவைப் பற்றி ஒரு சொல் பதிவாகியிருக்கிறது என்றுகூட வைத்துக்கொள்ளலாம். ஆனால் அன்றைய லண்டனில் ஆபிரகாம் என்ற பெயரில் எத்தனை யூத ஆண்கள் இருந்திருப்பார்கள்? அதில் யார் என்று சொல்ல அந்த ஒரு சொல் போதாது.

பிறப்புப் பதிவு எங்கே போனது?

இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பை அரசே பதிவு செய்யும் முறை வந்தது 1837-ல்தான். அதற்கு முன்னால் ஒருவர் பிறந்ததற்கான ஆதாரம் பெரும்பாலும் உள்ளூர் சர்ச்சின் ஞானஸ்நானப் பதிவேடு. யூதக் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கிடையாது. எனவே அந்தப் பதிவேட்டில் அவர்கள் பெயர் ஏறாது.

யூதர்கள் வைத்திருந்த பதிவேடுகளில் பார்க்கலாமா என்றால், அங்கே பெண் என்பதே தடை. ஆண் குழந்தைக்குப் பிறந்த எட்டாம் நாள் விருத்தசேதனச் சடங்கு உண்டு. அதைச் செய்பவர்கள் குழந்தையின் பெயர், தந்தையின் பெயர் எல்லாவற்றையும் குறித்து வைப்பார்கள். இன்று யூத வம்சாவளி தேடுபவர்களுக்கு அந்தக் குறிப்பேடுகள் பெரிய புதையல். பெண் குழந்தைக்கு அந்தச் சடங்கு இல்லை, அதனால் குறிப்பும் இல்லை.

ஏழை, யூதர், பெண். மூன்றில் ஏதாவது ஒன்று மாறியிருந்தாலும் எஸ்தரின் அப்பா பெயர் எங்காவது ஒரு மூலையில் பதிவாகியிருக்க வாய்ப்பு இருந்திருக்கும்.

வயதிலும் குழப்பம்

முதல் கப்பல் தொகுதியில் பெண் கைதிகளை ஏற்றிவந்த முக்கியக் கப்பல் லேடி பென்ரின். அதில் இருந்த மருத்துவர் ஆர்தர் பவுஸ் ஸ்மித் ஒரு நாட்குறிப்பு எழுதினார். பெண் கைதிகளின் வயது, தொழில், குற்றம் எல்லாவற்றையும் பட்டியல் போட்டார். அதில் எஸ்தருக்கு 20 வயது. தொழில், பெண்களுக்கான தொப்பி, அலங்காரத் துணி வேலை. அந்தக் கணக்குப்படி அவர் பிறந்தது 1767 வாக்கில்.

பிற்காலக் கணக்கு ஒன்று 1771 என்கிறது. நான்கு வருட வித்தியாசம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த நான்கு வருடம் கதையையே மாற்றிவிடும். 1767 என்றால், குற்றவாளிக் கூண்டில் நின்றது தொழில் தெரிந்த 19 வயதுப் பெண். 1771 என்றால், 15 வயதுச் சிறுமி. அதுவும் கர்ப்பிணிச் சிறுமி.

ஆம், தீர்ப்பு வந்த நாளில் எஸ்தர் கருவுற்றிருந்தார். நியூகேட் சிறையில், 1787 மார்ச் வாக்கில், ரோசன்னா பிறந்தாள்.

மகளுக்கும் அதே கேள்வி

ரோசன்னாவின் அப்பா யார்? அதுவும் உறுதியாகத் தெரியாது. தாய்க்கு இல்லாத இனிஷியல், மகளுக்கும் இல்லாமல் போனது.

ஒரே ஒரு துப்பு உண்டு. சிட்னிக்கு வந்த பிறகு எஸ்தர் பல அரசு ஆவணங்களில் எஸ்தர் ஜூலியன் என்ற பெயரில் வருகிறார். ரோசன்னாவுக்கும் அந்தப் பெயர் இருந்தது. இதை வைத்து, குழந்தையின் தந்தை ஜூலியன் என்ற பெயர் கொண்டவராக இருக்க வேண்டும் என்று வாரிசுகள் ஊகிக்கிறார்கள். நியாயமான ஊகம்தான். ஆனால் அந்த ஜூலியன் யார், எஸ்தரை மணந்தவரா, ஏமாற்றியவரா, லண்டனிலேயே இறந்துபோனவரா என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை.

வம்சாவளி தேடுபவர்களுக்கு இது இரட்டைச் சுவர். ஒரே ஆள் ஆபிரகாம்ஸ், ஜூலியன், ஜான்ஸ்டன் என மூன்று பெயரில் வருகிறார். ஒரு பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பாதி வாழ்க்கை காணாமல் போய்விடும்.

கப்பலில் தொடங்கிய உறவு

1787 மே 13-ல் 11 கப்பல்கள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்திலிருந்து கிளம்பின. டெனரீஃப், ரியோ டி ஜெனிரோ, கேப் டவுன் வழியாக எட்டு மாதத்துக்கும் மேலான பயணம். ரோசன்னாவுக்கு அப்போது இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

அதே லேடி பென்ரின் கப்பலில் காவல் பணியில் இருந்தவர் ஜார்ஜ் ஜான்ஸ்டன். கடற்படை வீரர் பிரிவில் இளம் அதிகாரி, வயது 23. ஸ்காட்லாந்தின் அனண்டேல் பகுதியைச் சேர்ந்தவர். அப்பா ராணுவ அதிகாரி. அவருக்கு வேண்டிய ஒரு பிரபுதான் மகனுக்கும் ஆதரவு. எஸ்தருக்கு என்னவெல்லாம் இல்லையோ அதெல்லாம் ஜான்ஸ்டனுக்கு இருந்தது: தந்தை பெயர், சொந்த ஊர், சிபாரிசு.

1788 ஜனவரி 26-ல் கப்பல்கள் சிட்னி துறைமுகத்தில் நங்கூரமிட்டன. பெண் கைதிகளைக் கரையிறக்கியது பிப்ரவரி 6-ல். அதற்குப் பிறகு ஜான்ஸ்டனும் எஸ்தரும் சேர்ந்து வாழ்ந்தார்கள். அன்றைய சிட்னியில் அதிகாரிகள் பெண் கைதிகளோடு வாழ்வது சாதாரணம். பலர் ஊர் திரும்பும்போது அந்தப் பெண்ணையும் குழந்தைகளையும் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே ஒருவர் தன்னைவிடக் கீழே நிற்கும் பெண்ணை வைத்துக்கொள்வதற்கும் விடுவதற்கும் யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். கைதியாக இருக்கும் பெண்ணுக்கு மறுத்துச் சொல்ல எவ்வளவு இடம் இருந்திருக்கும் என்பதும் யோசிக்க வேண்டிய விஷயம்.

ஜான்ஸ்டன் விடவில்லை. 1790-ல் முதல் மகன் ஜார்ஜ் பிறந்தான். அதே ஆண்டு ஜான்ஸ்டன் நார்ஃபோக் தீவுக்கு மாற்றப்பட்டபோது எஸ்தரும் குழந்தைகளோடு போனார். அடுத்த ஆண்டு திரும்பினார்கள். 1792-ல் ராபர்ட். பிறகு டேவிட், ஜூலியா, பிளான்ச் எனக் குடும்பம் பெருகியது.

அனண்டேல் வீடு

1793 பிப்ரவரியில் ஜான்ஸ்டனுக்கு அரசு 100 ஏக்கர் கொடுத்தது. அது பூர்வகுடிகளான கடிகல் மக்களின் நிலம். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. சிட்னியிலிருந்து பரமட்டா போகும் சாலையில் இருந்த அந்த இடத்துக்கு ஜான்ஸ்டன் தன் சொந்த மண்ணின் பெயரையே வைத்தார்: அனண்டேல். அதே 1793-ல் எஸ்தரின் 7 ஆண்டுத் தண்டனையும் முடிந்தது. அவர் இப்போது சுதந்திரப் பெண்.

1799-ல் அங்கே பெரிய வீடு எழுந்தது. நார்ஃபோக் தீவு பைன் மரங்கள் வரிசையாக நின்ற நீண்ட பாதை, வயல்கள், ஆடு மாடுகள் என்று அது ஒரு குட்டி ஊர் மாதிரி வளர்ந்தது. ஜான்ஸ்டன் ராணுவ வேலையாக அலைந்தபோதெல்லாம் பண்ணையைப் பார்த்துக்கொண்டது எஸ்தர்.

ஆனாலும் அரசாங்கத்தின் பார்வையில் அவர் யார்? பாதிரியார் சாமுவேல் மார்ஸ்டன் 1806-ல் காலனியில் இருந்த பெண்களை ஒரு பட்டியலாகத் தொகுத்தார். அதில் இரண்டே பிரிவு: மணமானவர், வைப்பாட்டி. இங்கிலாந்து சர்ச் முறைப்படி நடந்த திருமணம் மட்டுமே கணக்கு. கத்தோலிக்க முறையில் மணந்தவர்கள், யூத முறையில் மணந்தவர்கள், பல ஆண்டு சேர்ந்து வாழ்ந்தவர்கள் எல்லாரும் இரண்டாவது பிரிவில். 18 வருடமாக ஒரே ஆணோடு குடும்பம் நடத்திய எஸ்தர் போன்றவர்களுக்கும் அந்தப் பட்டியலில் வேறு கட்டம் கிடையாது.

இந்தப் பட்டியல் லண்டனில் இருந்தவர்களின் கைக்குப் போனது. ஆஸ்திரேலியாவின் முதல் தலைமுறைப் பெண்கள் ஒழுக்கம் கெட்டவர்கள் என்ற பேச்சு நூறு வருடத்துக்கும் மேல் ஓடியதற்கு இப்படிப்பட்ட கட்டங்களும் ஒரு காரணம்.

ஆட்சியைக் கவிழ்த்தவரின் வீட்டுக்காரி

1804 மார்ச்சில் காசில் ஹில்லில் கைதிகள் ஆயுதம் எடுத்தார்கள். அதை அடக்கிய படைக்குத் தலைமை தாங்கியவர் ஜான்ஸ்டன். வீட்டில் ஒரு முன்னாள் கைதியோடு வாழ்ந்தவர், களத்தில் கைதிகளின் கிளர்ச்சியை நசுக்கினார்.

நான்கு வருடம் கழித்து அவரே கிளர்ச்சி செய்தார். அப்போதைய ஆளுநர் வில்லியம் பிளை. பவுண்டி கப்பல் கலகத்தில் மாலுமிகளால் நடுக்கடலில் இறக்கிவிடப்பட்ட அதே கேப்டன். நிலம், ரம் வியாபாரம், அதிகாரம் எனப் பல விஷயங்களில் அவருக்கும் ராணுவ அதிகாரிகளுக்கும் முட்டிக்கொண்டது. 1808 ஜனவரி 24 இரவு விருந்து முடிந்து வீடு திரும்பும்போது ஜான்ஸ்டன் குதிரை வண்டியிலிருந்து விழுந்து அடிபட்டார். மறுநாள் ஆளுநர் கூப்பிட்டும் போகவில்லை, அனண்டேலில் படுத்திருந்தார். 26-ம் தேதி மாலை எழுந்து நகரத்துக்குப் போனார், படையைத் திரட்டினார், ஆளுநரைக் கைது செய்தார். ஆஸ்திரேலிய வரலாற்றில் நடந்த ஒரே ராணுவப் புரட்சி அது.

ஜூலை இறுதிவரை, சுமார் ஆறு மாதம், காலனியின் ஆட்சி ஜான்ஸ்டன் கையில். லேஸ் திருடிய வழக்கில் நாடு கடத்தப்பட்ட பெண், 20 ஆண்டு கழித்து, அதே காலனியை ஆள்பவரின் துணைவி. ஆனால் சட்டப்படி மனைவி கிடையாது.

அடுத்த ஆண்டு ஜான்ஸ்டன் விளக்கம் சொல்ல இங்கிலாந்து போனார். 1811-ல் ராணுவ நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்று சொல்லிப் பதவியைப் பறித்தது. அவர் சிட்னி திரும்பியது 1813-ல். இடைப்பட்ட நான்கு வருடமும் பண்ணை, பிள்ளைகள், கணக்கு வழக்கு எல்லாம் எஸ்தர் தலையில். பேங்க்ஸ்டவுன் பக்கம் 570 ஏக்கர் நிலம் அவர் பெயரிலேயே, எஸ்தர் ஜூலியன் என்ற பெயரில், ஒதுக்கப்பட்டது. காலனியில் பெண் ஒருவர் பெயரில் அவ்வளவு நிலம் என்பது அபூர்வம்.

1814 நவம்பரில் இருவரும் சட்டப்படி மணந்துகொண்டார்கள். சேர்ந்து வாழத் தொடங்கி 26 ஆண்டு ஆகியிருந்தது.

திருமணம் எல்லாவற்றையும் சரிசெய்ததா?

இல்லை. இங்கிலாந்துச் சட்டப்படி, பெற்றோர் பின்னால் மணந்துகொண்டாலும் அதற்கு முன் பிறந்த பிள்ளைகள் முறையான வாரிசு ஆக மாட்டார்கள். அந்தச் சட்டம் அப்படிப்பட்ட குழந்தைக்கு லத்தீனில் ஒரு பெயரே வைத்திருந்தது. தமிழில் சொன்னால், யாருக்கும் பிறக்காத பிள்ளை. நியூ சவுத் வேல்ஸில் இந்த விதி மாறியது 1902-ல்தான்.

அதாவது தந்தை யார் என்று ஊருக்கே தெரிந்த ஜான்ஸ்டன் பிள்ளைகளும், சட்டத்தின் கண்ணில், தந்தை யாரென்றே தெரியாத ரோசன்னாவின் வரிசையில்தான். பெற்றோர் யார் என்பது உண்மையில் தெரிவது ஒன்று, காகிதம் ஒத்துக்கொள்வது இன்னொன்று. எஸ்தர் குடும்பம் இந்த இடைவெளியில்தான் வாழ்ந்தது.

அதனால்தான் உயில் அவ்வளவு முக்கியமானது. 1823 ஜனவரியில் ஜான்ஸ்டன் இறந்தார். மூத்த மகன் ஜார்ஜ் அதற்கு மூன்று வருடம் முன்பே குதிரையிலிருந்து விழுந்து இறந்துவிட்டார். உயில்படி அனண்டேல் எஸ்தருக்கு, அவர் உயிரோடு இருக்கும்வரை. அதற்குப் பிறகு ராபர்ட்டுக்கு.

மகன் போட்ட வழக்கு

ராபர்ட் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து போர்களைப் பார்த்தவர். ஊர் திரும்பிய பிறகு அம்மாவோடு அதே பண்ணையில் இருந்தார். இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. சொத்தை வைத்துப் பணம் திரட்டவும் இங்கிலாந்து போகவும் எஸ்தர் நினைத்தபோது விரிசல் பெரிதானது.

1829-ல் ராபர்ட் நீதிமன்றம் போனார். அம்மாவுக்குப் புத்தி சுவாதீனம் இல்லை என்று அறிவிக்க வேண்டும் என்பது மனு.

விசாரணையில் எஸ்தரின் குடிப்பழக்கம், கோபம், தெருவில் வண்டியை வேகமாக ஓட்டியது எல்லாம் சாட்சியமாக வந்தன. ஊர் முழுக்கப் பேசியது. 60 வயதை ஒட்டிய பெண், 1786-க்குப் பிறகு இரண்டாவது முறையாக ஒரு ஜூரியின் தீர்ப்புக்காகக் காத்திருந்தார். முதல் முறை எதிர்த் தரப்பில் கடைக்காரர். இந்த முறை சொந்த மகன்.

அவ்வப்போது தெளிவு வந்தாலும் தன் விவகாரங்களை நிர்வகிக்கும் நிலையில் அவர் இல்லை என்று ஜூரி முடிவு செய்தது. சொத்து நிர்வாகம் நியமிக்கப்பட்ட பொறுப்பாளர்களின் கைக்குப் போனது. முப்பது ஆண்டுக்கும் மேலாக அவர் வளர்த்த அனண்டேலைவிட்டு எஸ்தர் வெளியேறினார். இளைய மகன் டேவிட்டின் ஜார்ஜஸ் ஹால் வீட்டில் மீதி வாழ்நாளைக் கழித்தார். 1846 ஆகஸ்ட் 26-ல் இறந்தார். அனண்டேல் குடும்பக் கல்லறையில் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள்.

ரோசன்னா என்ன ஆனார்?

சிறையில் பிறந்த மகள் 1805-ல் ஐசக் நிக்கோல்ஸ் என்பவரை மணந்தார். அவரும் முன்னாள் கைதிதான். அந்தக் காலத்தில் கப்பல் வந்ததும் யார் யாரோ ஏறி, அடுத்தவர் பெயரைச் சொல்லிக் கடிதங்களை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். இதைத் தடுக்க 1809-ல் நிக்கோல்ஸை அரசு நியமித்தது. ஆஸ்திரேலியாவின் முதல் போஸ்ட் மாஸ்டர் அவர்; அவர் வீடே முதல் தபால் நிலையம்.

ரோசன்னாவின் மகன் ஜார்ஜ் ராபர்ட் நிக்கோல்ஸ் 1833-ல் வழக்கறிஞராகப் பதிவு செய்தார். ஆஸ்திரேலியாவில் பிறந்து அங்கே சொலிசிட்டர் ஆன முதல் ஆள். பிற்பாடு சட்டமன்றத்திலும் இருந்தார். பாட்டி குற்றவாளிக் கூண்டில் நின்றார். பேரன் நீதிமன்றத்தில் வாதாடினார்.

கறை எப்போது பெருமை ஆனது?

நீண்ட காலம், கைதியின் வம்சம் என்பது ஆஸ்திரேலியாவில் வெளியே சொல்லும் விஷயமாக இருக்கவில்லை. கல்யாணம், வேலை, அந்தஸ்து என்று எல்லாவற்றிலும் அடி விழும். பல குடும்பங்கள் தாத்தா பாட்டி எப்படி வந்தார்கள் என்ற பேச்சையே எடுக்கவில்லை. பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. காகிதத்தில் இல்லாததோடு, வாய்வழியாக வர வேண்டிய கதையும் இப்படி அறுந்துபோனது.

20-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் காற்று திசை மாறியது. முதல் கப்பல் தொகுதியில் வந்தவர்களின் வாரிசுகள் 1968-ல் தங்களுக்கென ஒரு சங்கமே தொடங்கினார்கள். 2003-ல் ஓல்டு பெய்லி வழக்கு அறிக்கைகள் ஆன்லைனில் இலவசமாக வந்தன. 2007-ல் ஆஸ்திரேலியக் கைதிகளின் ஆவணங்களை யுனெஸ்கோ தன் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. இன்று மொபைலில் பெயரைத் தட்டினால் போதும், 1786-ல் எஸ்தர் மீது நடந்த விசாரணையைப் படிக்கலாம்.

டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் தெரிந்துவிடாதா?

வாரிசுகள் பலருக்கும் வரும் கேள்வி இது. பதில்: ஓரளவுக்குத்தான்.

ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு மூதாதையின் டிஎன்ஏ பங்கு சராசரியாகப் பாதியாகக் குறையும். ஏழு தலைமுறை தாண்டினால் அது 1 சதவீதத்துக்கும் கீழே. வழக்கமான டெஸ்டில் அவ்வளவு சின்னத் துண்டை இவருடையது என்று அடையாளம் காட்டுவது மிகக் கடினம்.

இன்னொரு வழி, தாயிடமிருந்து பிள்ளைகளுக்கு வந்து, மகள்கள் வழியாக மட்டும் அடுத்த தலைமுறைக்குத் தொடர்ந்து செல்லும் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ. எஸ்தரிலிருந்து மகள், மகளின் மகள் என்று அறுபடாமல் வரும் பெண் வழி வாரிசு ஒருவர் கிடைத்தால், எஸ்தரின் தாய் வழி எந்தப் பெரிய மரபுக் குழுவைச் சேர்ந்தது என்று சொல்லலாம். ஆனால் அது அம்மாவின் பெயரையோ தெருவையோ சொல்லாது. தந்தையைப் பற்றி எதுவுமே சொல்லாது.

மிச்சம் இருப்பது

அனண்டேல் வீடு 1905-ல் இடிக்கப்பட்டது. அதன் வாசல் தூண்கள் அங்குள்ள ஒரு பள்ளி வளாகத்தில் இன்னும் நிற்கின்றன. குடும்பக் கல்லறையைச் சிட்னியின் வேவர்லி இடுகாட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அனண்டேல் இன்று நகரத்தின் ஒரு பகுதி. அதன் நடுவில் ஓடும் பெரிய சாலைக்கு ஜான்ஸ்டன் பெயர். அவர் எந்த ஊரிலிருந்து வந்தார் என்பதை சிட்னியின் வரைபடமே சொல்லிவிடும்.

எஸ்தருக்கு அப்படி ஊர் கிடையாது. அவரைப் பற்றிய காகிதங்களைக் கால வரிசையில் அடுக்கினால், முதலில் திருடி, அடுத்து கப்பல் பட்டியலில் ஒரு எண்ணிக்கை, பிறகு ஓர் அதிகாரியோடு வாழ்பவர், நில உரிமையாளர், மனைவி, விதவை, கடைசியில் புத்தி பிசகியவர். ஒவ்வொன்றையும் எழுதியது வேறு யாரோ, அவரவர் தேவைக்காக. யார் பெற்ற பிள்ளை என்று கேட்க வேண்டிய தேவை அவர்களில் ஒருவருக்கும் வரவில்லை.

அந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் அவருடைய வாரிசுகள்தான், அதுவும் நூறாண்டுகளுக்குப் பிறகு. தேடிப்போனவர்களுக்கு அவருடைய தகப்பன் பெயர் கிடைக்கவில்லை. கிடைத்தது, கைக்குழந்தையோடு கப்பலேறி, இன்னொரு கண்டத்தில் ஒரு வம்சத்தையே தொடங்கி வைத்த பெண். டேவிட் மார்ட்டின் உட்பட அந்தக் குடும்பத்தின் பல கிளைகளுக்கும், வம்சாவளியின் முதல் வரியில் இன்றும் நிற்பது அந்த ஒரு பெயர்: எஸ்தர்.